தேர்தல் நேரத்தில் கடல் தாண்டலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"காலாண்டு விடுமுறையில் ராமேஸ்வரம் இரண்டு நாள், அப்புறம் நாகப்பட்டினம் போய்க் கப்பலில் யாழ்ப்பாணம் என்று திட்டம். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். இப்போது பார்த்தால் அங்கே செப்டம்பர் 21 அதிபர் தேர்தல் என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு அதிபர் மாளிகைக்குள் கூட்டம் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்த நாடு. இந்த நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது புத்தியுள்ளவன் செய்கிற காரியமா? அம்மா வேண்டாம் என்கிறார். பணம் கட்டலாமா, வேண்டாமா?"

ஜூலை 28, 2024

போகலாம். தேர்தலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

தேதி குறித்துவிட்ட தேர்தலைக் கண்டு நான் பயப்படுவதில்லை. 21 சனிக்கிழமை ஓட்டு, ஞாயிற்றுக்கிழமை முடிவு. பள்ளி விடுமுறை அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் தொடங்கும். என்ன நடக்கிறது என்று பார்க்க அந்த ஒரு வாரம் கையில் இருக்கிறது. 2018 அக்டோபர் 26 ராத்திரி ஒரு பிரதமரை நீக்கிவிட்டு இன்னொருவரை உட்கார வைத்தார்களே, அதற்கு யாராவது முன்கூட்டித் தேதி சொன்னார்களா? 2019 ஈஸ்டர் காலைக் குண்டுவெடிப்புக்குச் சொன்னார்களா? பயப்படுவதென்றால் அப்படிப்பட்டதற்குப் பயப்பட வேண்டும். அதற்குப் பயந்தால் எங்கேயும் போக முடியாது.

நான் தங்கச்சிமடம். பெரியம்மா மகளைப் பேசாலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மன்னார் தீவில் தலைமன்னாருக்குப் பக்கம். ஆகவே அந்தப் பக்கத்துச் செய்தி எனக்கு டிவியில் வருவதற்கு முன் போனில் வந்துவிடும்.

அதே நாள், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "அப்புறம் 2022ல ஏன் மடு மாதா கோயிலுக்குப் போகாம நின்னோம்?"

நியாயமான கேள்வி. அந்த வருடம் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மதுரையிலிருந்து கொழும்பு விமானம், அங்கிருந்து வேன் பிடித்து மடு, அப்புறம் பேசாலை என்று ஏற்பாடு. ஜூலை 13 அதிபர் கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். நாங்கள் ரத்து செய்தோம். ஆனால் ஓடினதற்காக ரத்து செய்யவில்லை. பேசாலை அக்கா போனில் சொன்னது வேறு: "கலவரமெல்லாம் கொழும்புலதான், இங்க எண்ணெய் இல்ல. மச்சான் மூணு நாளா வரிசையில நிக்கிறார்." கொழும்புக்குப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி மன்னார் வரை வர வண்டி பேசியிருந்த ஆள், வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வயதான அம்மாவை விமான நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு டீசலுக்கு அலைய முடியுமா?

அந்த நிலைமை இங்கே முன்பே தெரிந்ததுதான். 2022 மார்ச் 22, தனுஷ்கோடி பக்கத்து மணல் திட்டில் இலங்கையிலிருந்து கைக்குழந்தையோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் வந்தவர்கள். அவர்களை மண்டபம் அகதிகள் முகாமில் வைத்தார்கள். தனுஷ்கோடி கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்கு வேன் ஓட்டும் என் மச்சான் அன்றைக்கே சொன்னான், இந்த வருடம் அங்கே போகிற யோசனையை விட்டுவிடு என்று.

ஆகவே அங்கே யார் ஆட்சி என்று கேட்பதை விட, பெட்ரோல் கிடைக்கிறதா, பஸ் ஓடுகிறதா என்று கேளுங்கள். இப்போது இரண்டும் உண்டு.

முன்பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விமானக் காசில் பாதியாவது திரும்பியது. டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் பிடித்துவைத்த "சர்வீஸ் சார்ஜ்" இன்று வரை வரவில்லை. திரும்பக் கிடைக்காத பணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 3, 2024

இரண்டு விஷயம்.

ஆகஸ்ட் 1 அன்று கச்சத்தீவு அருகே இலங்கைக் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரம் விசைப்படகு மூழ்கியது. ஒருவர் இறந்துவிட்டார், ஒருவரைக் காணவில்லை. இங்கே மீனவக் குடும்பங்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டன. சுற்றுலா வந்தவர்கள் வண்டிக்குள் இருந்துகொண்டு "எப்போ விடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர்கள் நிலைமையும் புரிகிறது. இந்தத் தீவுக்குச் சாலை ஒன்றே ஒன்று. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மறித்தால் உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. 2022 டிசம்பரிலிருந்து பழைய பாம்பன் பாலத்தில் ரயிலும் இல்லை. புதுப் பாலம் முடியும் வரை மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ்தான். ஆகவே ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பி அன்றைக்கே நாகையில் கப்பல் ஏறுவது என்று திட்டம் போடாதீர்கள். நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள், வேளாங்கண்ணியில் தங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று இலங்கை விசா. ஏப்ரல் 17இல் ஆன்லைன் விசாவை ஒரு வெளியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். கட்டணம் கூடிவிட்டது என்று பெரிய சண்டை. நேற்று, ஆகஸ்ட் 2, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்துவிட்டது. தேர்தலை விட இதுதான் உங்களைப் பாதிக்கும். ஏப்ரலில் போய்வந்தவர் சொல்வதைக் கேட்டு ஆகஸ்டில் விண்ணப்பிக்காதீர்கள். ஆகஸ்டில் போனவர் சொல்வதைக் கேட்டுச் செப்டம்பரிலும் வேண்டாம்.

ஆகஸ்ட் 17, 2024

நேற்று கப்பல் கிளம்பிவிட்டது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை, பெயர் சிவகங்கை, 150 இருக்கை. போக நாலு மணி நேரம்.

முதல் ஆளாகப் போட்டி போட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். 2023 அக்டோபர் 14 தடபுடலாகத் தொடங்கி, ஒரே வாரத்தில் மழைக்காலம் என்று நிறுத்திய தடம் இது. இந்த வருடம் மே 13 என்றார்கள், தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. அதில் அரசியல் ஒன்றும் இல்லை. ஆனால் ஹோட்டலுக்குக் கட்டிய பணம் போனது போனதுதானே.

என் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். அவர் சின்ன வயதில் ராமேஸ்வரம் துறையில் ஏறி தலைமன்னாரில் இறங்கியிருக்கிறார். தனுஷ்கோடியிலிருந்து அந்தக் கரை 30 கிலோமீட்டர் கூட வராது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் இனக்கலவரமும் போரும் வந்து நின்றது. நிறுத்தியது புயல் இல்லை, அரசியல்தான். இப்போது அவர் மகள் முறையான பெண்ணைப் பார்க்க, வடக்கே நாகை வரை ஏறி, கடல் கடந்து, யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு மறுபடி தெற்கே இறங்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, 2024

வாசகர் கேட்கிறார்: "அக்டோபர் 1 முதல் 35 நாட்டுக்காரர்களுக்கு இலவச விசா என்று அறிவித்துவிட்டார்கள், இந்தியாவும் உண்டு. பயணத்தை அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றட்டுமா?"

மாற்றாதீர்கள். செப்டம்பர் 21 தேர்தல். அறிவித்த அமைச்சரவை அக்டோபர் 1இல் இருக்குமா என்பதே தெரியாது. போகிற அரசாங்கம் தருகிற வாக்கை நம்பி டிக்கெட் மாற்றுவது, கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் "பிறகு பார்த்துக்கலாம்" மாதிரிதான். விசாக் கட்டணத்தைச் செலவுக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமானால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். யாழ்ப்பாணத்தில் அதற்குக் குறைவில்லை.

செப்டம்பர் 8, 2024

வெளிநாட்டு அரசியலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் மாவட்டத்தை மறந்துவிட்டோம்.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி ஒவ்வொரு வருடமும் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவார்கள். 144 என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஜூலை 1இல் புதுச் சட்டம் வந்த பிறகு அது 163ஆம் பிரிவு. 2011 செப்டம்பர் 11 பரமக்குடி துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன பிறகு இந்த விஷயத்தில் போலீஸ் ஒரு இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை.

144 என்ற வார்த்தையைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் ராமேஸ்வரம் அறையை ரத்து செய்கிறார்கள். தேவையில்லை. கோயில் திறந்திருக்கும், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடலாம், அரிச்சல்முனைக்கும் போகலாம். இந்தக் கட்டுப்பாடு கூட்டமாக, ஊர்வலமாக, வாடகை வண்டி பிடித்து அஞ்சலிக்கு வருகிறவர்களுக்கு. சிக்கல் எங்கே என்றால், நீங்களும் வாடகை வேனில்தான் வருவீர்கள். செக்போஸ்ட்டில் நிற்கிற காவலருக்கு உங்கள் வேனும் அந்த வேனும் ஒன்றுதான். அறை முன்பதிவுச் சீட்டைக் காகிதத்தில் எடுத்து டிரைவரிடம் கொடுத்து வையுங்கள். போனைத் திறந்து, சார்ஜ் தேடி, மெயிலைத் துழாவிக்கொண்டிருந்தால் பின்னால் இருக்கிற வண்டிகள் உங்களைத் திட்டும்.

11ஆம் தேதி மட்டும் மதுரை – மானாமதுரை – பரமக்குடி வழியில் வராதீர்கள். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை, தொண்டி என்று வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கிவிடுங்கள். தேவிபட்டினம் நவபாஷாணமும் அந்த வழியிலேயே வந்துவிடும். நேரம் கூடும், ஆனால் நிற்க வேண்டாம்.

செப்டம்பர் 12, 2024

மச்சான் நேற்று பரமக்குடி வழியிலேயே போனான். சொன்னால் கேட்கிற ஆளா? பார்த்திபனூரில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

செப்டம்பர் 22, 2024, மதியம்

நேற்று ஓட்டுப்பதிவு அமைதி. இரவு பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். காலை ஆறோடு முடிய வேண்டியது, மதியம் பன்னிரண்டு வரை நீட்டினார்கள். மதுரை வாசகர் காலையிலேயே "பார்த்தீர்களா, ஊரடங்கு" என்று எழுதிவிட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பூசைக்குப் போக முடியவில்லை என்ற வருத்தம்தான் அவருக்கு. வேறு ஒன்றுமில்லை. வெற்றி ஊர்வலத்தில் கைகலப்பு வேண்டாம் என்று முன்னெச்சரிக்கைக்குப் போட்டது.

இன்னும் முடிவு வரவில்லை. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால், வாக்காளர்கள் சீட்டில் இரண்டாவதாகக் குறித்த விருப்ப வாக்கை எண்ணுகிறார்கள். அந்த நாட்டில் இதுவே முதல் தடவையாம்.

செப்டம்பர் 25, 2024

அனுர குமார திசாநாயக்க 23ஆம் தேதி பதவியேற்றார். நேற்று நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். நவம்பர் 14 அடுத்த தேர்தல். "ஒன்று முடிந்தது என்று பார்த்தால் இன்னொன்றா" என்கிறார் வாசகர். அதுவும் தேதி போட்ட தேர்தல்தானே, கிளம்புங்கள்.

ஒரு திருத்தம். கப்பல் தினமும் ஓடும் என்று நினைத்து யாரும் திரும்பும் நாளைக் குறிக்க வேண்டாம். ஆள் குறைவு என்று வாரத்தில் சில நாள் மட்டும் ஆக்கிவிட்டார்கள். போகிற நாளை விட வருகிற நாளைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி 7ஆம் தேதி.

அக்டோபர் 2, 2024

அந்த 35 நாட்டு இலவச விசா நேற்று தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. ஆனால் வெளியார் நிறுவனத்துக்கு முன் இருந்த பழைய ஈ.டி.ஏ. ஆன்லைன் விசா முறை போன வாரக் கடைசியில் திரும்பிவிட்டது.

அக்டோபர் 8, 2024

மதுரைக் குடும்பம் போய்த் திரும்பிவிட்டது. அம்மாவும் போனார். நல்லூர் கோயில், நயினாதீவு, கோட்டை, எல்லாம் பார்த்தார்களாம். அங்கே கடைக்காரர்கள் புது அதிபரைப் பற்றிப் பேசியதை விட, நம் ஊர் இழுவைப் படகுகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறார். "நீங்கள் ராமேஸ்வரமா?" என்று ஒருவர் கேட்டபோது அவசரமாக "இல்லை, மதுரை" என்றாராம்.

எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. அவர்கள் வலையை நம் விசைப்படகு அறுப்பதும் உண்மை, நம் ஆட்களை அவர்கள் கடற்படை பிடிப்பதும் உண்மை. இதே பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நாங்கள் பெயர் கொடுத்து, துணி, பாய், புளிச்சோறு வரைக்கும் தயார். நம் மீனவர்களுக்கு அங்கே சிறைத்தண்டனை கொடுத்ததால் படகுக்காரர்கள் திருவிழாவைப் புறக்கணித்துவிட்டார்கள். 23, 24 இரண்டு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் புளிச்சோறு தின்றோம். படகுக்காரர்கள் மேல் கோபமில்லை. அவர்கள் வீட்டு ஆள் சிறையில் இருக்கும்போது நமக்குத் திருவிழா எப்படி இனிக்கும்? ஆனால் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பணத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ உண்டு. பெரிய கடைகளில் சரி. கிராமத்துப் பக்கம் போனால் கையில் இலங்கை ரூபாய் வேண்டும்.

அக்டோபர் 19, 2024

இது சென்னைக்காரர் கேள்வி: "தீபாவளி 31 வியாழன், 1ஆம் தேதியும் அரசு விடுமுறை. நாலு நாள். ராமேஸ்வரம் வரலாமா? 144 என்கிறார்களே?"

இந்த வருடம் குருபூஜை 30, தீபாவளி 31. பாதுகாப்பும் பண்டிகைக் கூட்டமும் ஒரே சாலையில். 30ஆம் தேதி பகலில் பரமக்குடி, கமுதி, பார்த்திபனூர், அபிராமம் பக்கமே தலை வைக்காதீர்கள். கமுதி பக்கம் "குறுக்கு வழி" என்று மேப் காட்டும், நம்பாதீர்கள், அது நேரே பசும்பொன்னுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். திருச்சியிலிருந்து வருகிறவர்கள் புதுக்கோட்டை, தேவகோட்டை, திருவாடானை வழியாக வந்தால் தொல்லை குறைவு. 29 ராத்திரி ரயில் ஏறி 30 காலை மண்டபத்தில் இறங்குவது எல்லாவற்றிலும் நல்லது. டிக்கெட் இருந்தால்! இந்த நேரத்தில் அது கிடைத்தால் லாட்டரி.

டாஸ்மாக் பற்றிக் கேட்டிருக்கும் அன்பருக்கு: குருபூஜை நாட்களில் மூடல். வேறு பொழுதுபோக்கைப் பாருங்கள்.

ரயில் முன்பதிவு நவம்பர் 1 முதல் 120 நாளுக்குப் பதில் 60 நாள் ஆகிறது. பலர் புலம்புகிறார்கள், எனக்குச் சந்தோஷம். நாலு மாதம் கழித்து எந்த ஊரில் என்ன போராட்டம் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் சமயத்தில் கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் பறக்கும் படையிடம் மாட்டினார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். திதி கொடுக்க வந்த ஒரு பெரிய குடும்பம், செலவுக்கு எல்லோருடைய பணத்தையும் ஒரே பையில் போட்டுப் பெரியவரிடம் கொடுத்திருந்தது. பிரித்து வைத்திருந்தால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதியில் பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே வரிசையாக வேட்பாளர்கள். ராமேஸ்வரத்தில் ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிற அறையைக் கண்டுபிடிப்பதை விட, இயந்திரத்தில் சரியான பன்னீர்செல்வத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 24, 2024

இலங்கையில் அருகம்பே பக்கம் தாக்குதல் நடக்கலாம் என்று நேற்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்திருக்கிறது. இஸ்ரேலியர்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் "யாழ்ப்பாணத்தை ரத்து செய்யட்டுமா" என்று எழுதியிருக்கிறார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அருகம்பே கிழக்குக் கரையில் தெற்குப் பக்கம். அலைச்சறுக்கு விளையாட வருகிற வெளிநாட்டவர் கூடும் இடம். அங்கே போவதாக இருந்தவர்கள் தள்ளிப்போடுங்கள், இதில் எனக்கு வீராப்பு இல்லை. இது தேதி சொல்லாத வகை. மற்றவர்கள் ஏன் பதற வேண்டும்? கோயம்புத்தூரில் ஏதோ நடந்தால் ராமேஸ்வரம் வருகிறவர் ரத்து செய்வதில்லையே.

இரவில் சேர்த்தது: என் மச்சினன் இதைப் படித்துவிட்டு, "பிள்ளைகளோடு போகிறவனுக்கு வரைபடம் பேசாதே" என்கிறான். சரி. தூக்கம் வராது என்று தோன்றினால் போகாதீர்கள். விடுமுறைக்குத்தானே போகிறோம், வேலைக்கா?

நவம்பர் 15, 2024

அங்கே நாடாளுமன்றத் தேர்தலும் முடிந்தது. 225இல் 159 அனுர கட்சிக்கு. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அவர்கள்தான் முதலிடம், அக்காவே எதிர்பார்க்கவில்லை என்கிறார். சுற்றுலாக்காரருக்கு இதில் ஒரே ஒரு செய்தி: இனிமேல் விசா விதியை அறிவித்தால், அறிவித்தவர் அடுத்த மாதமும் நாற்காலியில் இருப்பார்.

கப்பலைக் கேட்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை.

நவம்பர் 21, 2024

நேற்று ராமேஸ்வரத்தில் மேகவெடிப்பு. ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். சபரிமலை சீசன் ஆரம்பித்துவிட்டதால் மாலை போட்டவர்கள் கூட்டம் வேறு. ஜூலையிலிருந்து ஊரடங்கு, தேர்தல், தடை உத்தரவு என்று எழுதிக்கொண்டிருந்தேன், இந்த ஊர் மழையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்று மனைவி சுட்டிக்காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், அதனால் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, 2025

நாகைக் கப்பல் 22ஆம் தேதி மறுபடி தொடங்கியிருக்கிறது.

கச்சத்தீவு பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்த வருடத் திருவிழா மார்ச் 14, 15. நடக்குமா என்றால், அங்கே நடக்கும். இங்கிருந்து படகு போகுமா என்பதுதான் கேள்வி. கைதுகளைக் கண்டித்து விசைப்படகுகள் வேலைநிறுத்தத்தில் கரையில் நிற்கின்றன. போன வருடம் போல ஆகலாம், ஆகாமலும் போகலாம். நாங்கள் பெயர் கொடுத்துவிட்டோம். அம்மா இந்த முறை புளிச்சோற்றை 13ஆம் தேதி ராத்திரி வரை கிளற மாட்டேன் என்கிறார்.

வருகிறவர்கள் ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம், 1974 ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. வெளியூரிலிருந்து வருவதானால், படகு நின்றாலும் வீணாகாத மாதிரி ராமேஸ்வரத்தில் அறை போடுங்கள். தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஐந்து லிட்டர் கேன் தூக்கிக்கொண்டு வாருங்கள்.